இரண்டு நிமிடம் நாற்பத்தோரு விநாடி

அங்கே நிறுத்து.
யஷ்வினியின் இடது தோளுக்குப் பின்னால்
மங்கலாக ஒரு சிவப்பு வாளி தெரிகிறதா?
மாரிக்கண்ணு அக்காவுடையது.
கைப்பிடி போய் கரண்டு வயர் கட்டியது.
பாட்டுக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று
டைரக்டர் இன்றுவரை வருத்தப்படுகிறார்.
அந்த வீடியோவில்
பாட்டுக்குச் சம்பந்தமுள்ளது அது ஒன்றுதான்.

லாபிஸில், பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
போட்டோஸ்டேட் கடை எனக்கு.
பக்கத்துக்கு இருபது காசு.
மலாய்க் கடிதம் ஐந்து வெள்ளி:
சூராவில் பெயர் திருத்த,
செத்தவர் சேமநிதியைக் கேட்க,
குழாய் வறண்டு கிடக்கிறதென்று
தண்ணீர் ஆப்பீசுக்கு எழுத.

லயத்து ஆட்களுக்காக மூன்றாவது கடிதம்.
மலாயில் ஏற்றுமுன் தமிழில் கிறுக்கிப் பார்ப்பது வழக்கம்.
மாண்புமிகு அதிகாரி அவர்களுக்கு என்று
மரியாதையாகத்தான் தொடங்கினேன்.
நான்காம் வரியில் பொறுமை போய்
அதிகாரியை விட்டுவிட்டுத்
தண்ணீரையே கேட்டுவிட்டேன்:

மூன்று நாளாய் நீ வரவில்லை.
வாய் திறந்தபடி கிடக்கின்றன என் பாத்திரங்கள்.
நள்ளிரவில் ஒரு சொட்டுச் சத்தம் கேட்டாலும்
எழுந்து ஓடுகிறேன்.

கீபோர்டு வாரண்டியை நகலெடுக்க வந்த தர்வின்
மேசைக்கு அந்தப் பக்கம் நின்று
தலைகீழாகவே படித்துவிட்டான்.
"யாருக்கா அந்தப் பையன்?"
பையன் இல்லடா, பைப்பு.
அவன் சிரிக்கவில்லை.
என் ஸ்டேப்ளரைத் தட்டித் தாளம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாத்திரங்கள் மெட்டில் இடித்தது.
கண்கள் என்று மாற்றினான்.
வாய் திறந்த கண்களா என்றேன்.
"பாட்டுல அதெல்லாம் யாருக்கா கேக்கப் போறா?"
யாரும் கேட்கவில்லை.

நூற்றைம்பது வெள்ளி, மூன்று தவணை;
மூன்றாவது இன்னும் வரவேண்டும்.
பாடிய பிள்ளைக்குக் கிள்ளான்.
மழை அவளுக்கு மளை.
எட்டு டேக் போனது.
ஒன்பதாவதில் தர்வின் கையெடுத்துக் கும்பிட்டு
மளையே பெய்யட்டும் என்று விட்டான்.

மார்ச் மாதத்தில் மழைக்கு எங்கே போவது?
கோலாலம்பூரிலிருந்து வந்த டைரக்டர்
தண்ணி லோரியை வாடகைக்குப் பிடித்தார்.
லயத்துக்கு வரவேண்டிய அதே லோரி,
அதே டிரைவர், நானூறு வெள்ளி.
செம்பனை நிரைக்குள் நிறுத்தி
வானத்தைப் பார்த்துக் குழாயைத் திருப்பினார்கள்.
கைகளை விரித்தபடி
யஷ்வினி காதலிக்கத் தொடங்கினாள்.

லோரிச் சத்தத்துக்கு லயம் எழுந்தது.
குண்டான், தோம்பு, பெயிண்ட் டின்,
குழந்தையைக் குளிப்பாட்டும் நீலத் தொட்டி.
"கட்! கட்!"
கட் என்றால் லயத்துக்கு யாருக்குத் தெரியும்?
கரண்டு கட் தெரியும். சம்பளம் கட் தெரியும்.
மாரிக்கண்ணு அக்கா
கதாநாயகியின் துப்பட்டா நுனியில் வாளியை ஏந்தினாள்.

யஷ்வினி ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள்.
பிறகு டிரைவரிடமிருந்து குழாயைப் பிடுங்கி
மேக்கப் வழிய வழிய
ஒவ்வொரு வாளியாக நிரப்பினாள்.
அதுதான் படம்.
அந்நேரம் கேமராவுக்கு
லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நாலு லட்சம் பேர் பார்த்தாயிற்று.
கல்யாண விருந்துகளில் கேக் வெட்டும்போது போடுகிறார்கள்.
கடைசியில் ஓடும் எழுத்தில் நான் இரண்டு பேர்:
பாடல் வரிகள், குமுதா, வள்ளி.
வள்ளியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்,
தவணையில் அவளுக்கும் பங்கு உண்டல்லவா.

போன வாரம் ஏழாவது கடிதத்தோடு
தண்ணீர் ஆப்பீசுக்குப் போனேன்.
கவுண்டரில் ரோஸ்டி.
ரசீது எடுக்கப் போகையில் அவர் கைப்பேசி பாடியது:
மூன்று நாளாய் நீ வரவில்லை.
எடுக்காமல் இரண்டு வரி ஓடவிட்டார்.
"உங்க பாஷைப் பாட்டுதான்.
அர்த்தம் தெரியாது. ஆனா செடாப்."

அர்த்தம் அவர் கையில்தான் இருந்தது,
மலாயில், இரண்டு பிரதிகள்.

முத்திரையில் மை காய்ந்திருந்தது.
வாயருகே வைத்து
ஹா என்று ஒருமுறை ஊதி
அந்த ஈரத்தில் குத்தினார்.
பாதிதான் விழுந்தது.